அவுட்போர்டு இன்ஜின்: கியர் போட்டால் மட்டும் கரகர சத்தம் (மேட்டூர் அணை) – உதவி வேண்டும்

படகுக்காரர், கொளத்தூர்:
வணக்கம். மேட்டூர் அணையில் பண்ணவாடிப் பக்கம் மீன் ஏற்றி வரும் சின்ன ஃபைபர் படகு என்னுடையது. பின்னால் மாட்டியிருப்பது 15 எச்பி, ரெண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு. பழைய இன்ஜின்தான், ஆனால் இதுவரை தொந்தரவு கொடுத்ததில்லை. இப்போது கொஞ்ச நாளாக ஒரு சத்தம். மெதுவாகப் போகும்போது அடியில் எதையோ அரைப்பது மாதிரி கரகர என்கிறது. வேகம் கூட்டினால் அதுவே ஊளையாக மாறுகிறது. மேல் மூடியில் கை வைத்தால் அதிர்வு நன்றாகத் தெரிகிறது. அதை வைத்து இங்கே ஒரு மெக்கானிக் "கிராங்க் பேரிங் (பிஸ்டன் சுழற்றும் தண்டைத் தாங்கும் பேரிங்) போச்சு, முழுசாப் பிரிக்கணும்" என்கிறார். செலவுக் கணக்கைக் கேட்டதும் தலை சுற்றுகிறது. பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் சரியாக வருகிறது, சூடும் ஏறவில்லை. பெட்ரோலுக்கு 50:1 ஆயில் கலக்கிறேன். பிரிக்கலாமா, வேண்டாமா?

ரெண்டுசக்கரம், சேலம் அம்மாபேட்டை:
லிட்டருக்கு 20 மில்லி ஆயில், அளவு சரிதான். ஆனால் பங்கில் இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். படகு நாள்கணக்கில் சும்மா நின்றால் டேங்கில் ஈரம் சேர்ந்து அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கும். அதை உறிஞ்சினால் இன்ஜின் தட்டும், திணறும். முதலில் டேங்கைக் காலி செய்து புது பெட்ரோல் ஊற்றிப் பாருங்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் பிளாக்கில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டால் எந்த இடம் என்று ஓரளவு தெரியும். ஃப்ளைவீல் பக்கம் மட்டும் போகாதீர்கள், சட்டை கிட்டை சிக்கிவிடும்.

கடற்கரைப் பட்டறை, நாகப்பட்டினம்:
அண்ணே, எதையும் பிரிக்காதீங்க. அவுட்போர்டில் சத்தம் கேட்கிற இடத்தை நம்பக் கூடாது. கீழே கியர் பெட்டியில் வருகிற சத்தம், இன்ஜினையும் அதையும் இணைக்கிற டிரைவ் ஷாஃப்ட் வழியாக அப்படியே மேலே ஏறும். மூடியில் கை வைத்தால் எல்லாமே கிராங்க் சத்தமாகத்தான் தெரியும்.

நியூட்ரலில் இதே வேகத்துக்கு ரேஸ் செய்தால் சத்தம் வருதா? திரும்பும்போது கூடுதா? இதை மட்டும் முதலில் சொல்லுங்க.

படகுக்காரர், கொளத்தூர்:
நியூட்ரலில் சுத்தமாக இல்லை. முன் கியரோ ரிவர்ஸோ போட்டால் உடனே ஆரம்பிக்கிறது. இடது பக்கம் திருப்பும்போது இன்னும் கூடுகிறது.

கடற்கரைப் பட்டறை, நாகப்பட்டினம்:
அப்போ பாதி வேலை முடிஞ்சுது. நியூட்ரலிலும் கிராங்க், டிரைவ் ஷாஃப்ட், வாட்டர் பம்ப் இம்பெல்லர் (தண்ணீர் தள்ளும் ரப்பர் சக்கரம்), பினியன் (டிரைவ் ஷாஃப்ட் முனையில் இருக்கும் சின்ன கியர்), முன் கியர், ரிவர்ஸ் கியர் எல்லாம் சுத்திக்கிட்டேதான் இருக்கும். நிற்பது புரொப்பல்லர் ஷாஃப்ட் மட்டும். டாக் கிளட்ச் (ஷாஃப்டைக் கியரோடு கோர்க்கிற பல் வைத்த துண்டு) கடித்த பிறகுதான் அது சுத்த ஆரம்பிக்கும். அதனால் சந்தேகம் அந்த ஷாஃப்ட் மேல், அதன் பேரிங் மேல்.

ரெண்டுசக்கரம், சேலம் அம்மாபேட்டை:
ஒத்துக்க முடியாது சார். நியூட்ரலில் இன்ஜினுக்கு லோடு இல்லை. லோடு ஏறினால்தான் சத்தம் போடும் கிராங்க் பேரிங்கை நானே நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடற்கரைப் பட்டறை, நாகப்பட்டினம்:
நியாயமான கேள்விதான் தம்பி. ரெண்டில் எது என்று கண்டுபிடிக்கவும் வழி இருக்கு. புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி இன்ஜினை அதில் இறக்குங்க. பம்ப் இருக்கும் இடத்துக்கு மேலே தண்ணீர் நிற்கணும். வெறும் காற்றில் ஓட்டினால் இம்பெல்லர் கொஞ்ச நேரத்திலேயே கருகிப் போகும். ஐடிலில் கியர் போடுங்க. இப்போ ஷாஃப்ட் சுத்தும், ஆனால் லோடு கிடையாது. அப்பவும் கரகர வந்தால் கீழேதான். சத்தமே இல்லை என்றால் தம்பி சொன்னதைப் பார்க்கணும்: படகை ஓட்டிக்கொண்டே ஒவ்வொரு சிலிண்டராக பிளக் வயரை எர்த் செய்து நிறுத்திப் பாருங்க. எந்த சிலிண்டரை நிறுத்தும்போது தட்டல் குறையுதோ அதில்தான் கோளாறு. வயரைச் சும்மா தொங்க விடாதீங்க, பிளக்குக்குப் பொறி கொடுக்கிற சிடிஐ யூனிட் அடிபடும்.

காவிரிக்கரை, பூலாம்பட்டி:
புரொப்பல்லரைக் கழற்றும்போது அதன் பின்னால் இருக்கும் வாஷரையும் எடுத்துப் பாருங்கள். அணையில் தண்ணீர் இறங்கும் காலம் மோசமானது. 120 அடி நிறைந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. மட்டம் நன்றாகக் குறைந்தால் பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய சர்ச் கோபுரமும் வெளியே வரும் இல்லையா? அங்கே அடியில் பழைய சுவர், மரக்கட்டை, அறுந்த வலை எல்லாம் கிடக்கும். நைலான் நூல் ஒரு முழம் சுற்றினாலே போதும், கியர் பெட்டிக்குள் தண்ணீர் ஏறாமல் தடுக்கும் ஆயில் சீலைத் தின்றுவிடும்.

படகுக்காரர், கொளத்தூர்:
டிரம்மில் பார்த்தாச்சு. புரொப்பல்லர் இல்லாமலும் அதே கரகர. பூலாம்பட்டி அண்ணன் சொன்னதுதான் சரி: வாஷருக்குப் பின்னால் நூல் சுற்றிச் சுற்றி, சூட்டில் உருகி, கறுப்பு வளையமாக இறுகிக் கிடந்தது. கத்தி வைத்துத்தான் அறுத்தேன். கியர் ஆயிலையும் இறக்கினேன். பால் கலந்த டீ நிறத்தில் வந்தது. காந்த ஸ்க்ரூவில் பொடி ஒட்டியிருக்கிறது, விரலில் தேய்த்தால் மினுமினுக்கிறது. புது ஆயில் ஊற்றி இந்த சீசனை ஓட்டிவிடலாமா?

கடற்கரைப் பட்டறை, நாகப்பட்டினம்:
வேண்டாம் அண்ணே. சீல் போய் தண்ணீர் ஏறி, ஆயில் பசை இல்லாமல் பேரிங் அரிச்சிருக்கு. ஆயில் மாற்றினால் சத்தம் ஒரு வாரம் அடங்கும், பேரிங் திரும்ப நல்லதாகாது. அது உடைந்து துண்டு கியருக்குள் விழுந்தால் முழுக் கியர் பெட்டியும் போச்சு. தூளாக இருக்கும் வரைக்கும் பயமில்லை. சில்லுச் சில்லாக வந்தால்தான் கியர் பல்லையும் பார்க்கணும்.

பேரிங் கேரியரை (பேரிங்கும் சீலும் உட்கார்ந்திருக்கும் கூடு) சுத்தியலால் தட்டி எடுக்க வேண்டாம், அலுமினியம் விரிசல் விடும். இழுத்து எடுக்கிற புல்லர் வேணும். பேரிங் மேலேயே நம்பர் இருக்கும், அதைக் காட்டினால் கடையில் கொடுப்பாங்க. சீல் வழக்கமாக ரெண்டு இருக்கும், எது எந்தப் பக்கம் பார்த்து இருக்கு என்று எடுக்கும் முன்பே போட்டோ எடுத்துக்கோங்க. ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தில் நகம் தட்டுகிற பள்ளம் இருந்தால் புது சீலும் நிற்காது.

ரெண்டுசக்கரம், சேலம் அம்மாபேட்டை:
சரி சார், இங்கே நான் சொன்னது பொருந்தவில்லை. புல்லர் பற்றிக் கவலை வேண்டாம். சேலத்தில் எந்த லேத் பட்டறையில் அளவு கொடுத்தாலும் ஒரு பட்டையும் ரெண்டு போல்ட்டும் வைத்துச் செய்து கொடுப்பார்கள். அப்படியே ஷாஃப்டையும் லேத்தில் மாட்டிச் சுற்றி, வளைவால் ஆட்டம் இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். கட்டையில் அடிபட்டு வளைந்திருந்தால் புது பேரிங்கும் சீக்கிரம் போய்விடும்.

படகுக்காரர், கொளத்தூர்:
பேரிங்கும் சீலும் மாற்றியாச்சு, ஷாஃப்ட் நேராகத்தான் இருக்கிறது. கரகர சுத்தமாகப் போய்விட்டது. ஒன்று மட்டும் பாக்கி: கியர் போடும்போது கடகட என்று நாலைந்து தட்டு கேட்கிறது.

கடற்கரைப் பட்டறை, நாகப்பட்டினம்:
கியரை மெதுவாக அழுத்துறீங்க போல. கிளட்ச் பல் பாதி கடித்து நழுவினால் அந்தத் தட்டு வரும், முனை மழுங்கும். இன்ஜினை ஐடிலுக்கு இறக்கிவிட்டு லீவரை ஒரே தள்ளாகத் தள்ளுங்க. அப்பவும் வந்தால் லீவரைக் கியரோடு இணைக்கிற லிங்கேஜின் அட்ஜஸ்ட்மென்ட் பாருங்க.

கியர் ஆயில் எப்பவும் கீழ் ஓட்டை வழியாக ஏற்றணும், மேல் ஓட்டையில் குமிழ் இல்லாமல் வழியும் வரை. மேல் ஸ்க்ரூவை முதலில் மூடிட்டு அப்புறம் கீழே. ரெண்டுக்கும் வாஷர் புதுசாகப் போடுங்க. பத்து மணி நேரம் ஓட்டினதும் கீழ் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி நாலு சொட்டு இறக்கிப் பாருங்க. தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும்.