மொட்டைமாடி ஒழுகல்: தட்டோட்டை உடைக்கணுமா, மேலேயே பூச்சு அடிச்சா போதுமா?

திருச்சிமாடி:
600 சதுர அடி மாடி, 1998ல கட்டினது. தளத்து மேல மூணு அங்குலம் செங்கல்ஜல்லி சுண்ணாம்புக் கலவை, அதுக்கு மேல தட்டோடு (தட்டையான சுட்ட களிமண் ஓடு). மழை நின்னு ஒரு நாள் கழிச்சு ஹால் சீலிங்ல ஈரம் தெரியுது, கைப்பிடிச் சுவர் ஓரமா அதிகம். கொத்தனார் மொத்தத்தையும் உடைக்கணும்கிறார். ஐப்பசி மழைக்கு முன்னாடி நானே வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடிச்சிடலாமா?

வெள்ளைப்பூச்சு:
தாராளமா அடிக்கலாம், உடைக்க வேண்டாம். ப்ளீச்சிங் பவுடர் கரைசல் ஊத்தி பாசியைத் தேய்ச்சுக் கழுவுங்க. தட்டோட்டு இடுக்குல பொரிஞ்ச கலவையை 10 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துட்டு, 1:3 சிமென்ட் கலவையில எஸ்பிஆர் லேடெக்ஸ் (கலவை நல்லா ஒட்டுறதுக்குச் சேர்க்கிற பால் மாதிரி திரவம்) சேர்த்து அடைச்சு, ஏழு நாள் நனைச்சு காய விடுங்க. அப்புறம் அக்ரிலிக் கோட்டிங்: முதல்ல தண்ணி கலந்து ப்ரைமரா ஒரு கை, அதுக்கு மேல கலக்காம ரெண்டு கை, ஒண்ணு நெடுக்கா, ஒண்ணு குறுக்கா. சுவர்ல ஓரடி உயரம் ஏத்தி அடிக்கணும், சுவரும் தளமும் சேர்ற அந்த மூலையில, கலக்காத முதல் கை ஈரமா இருக்கும்போதே ஃபைபர் மெஷ் (இழை வலை) பதிக்கணும். டப்பாவுல போட்டிருக்கிற கவரேஜ் வழவழப்பான தளத்துக்கு. தட்டோடு குடிக்கும், கால் பங்கு கூட வாங்குங்க.

தட்டோடு:
மேலே சொன்ன வேலைமுறையில் குறையில்லை, இந்த மாடிக்குத்தான் அது ஒத்துவராது. மழை நின்று ஒரு நாள் கழித்து ஈரம் தெரிகிறது என்றால் ஜல்லிக் கலவை தண்ணீரைக் குடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அதன் மேல் பூச்சு அடித்தால் அந்த ஈரத்துக்கு மேலே வழியில்லை. வெயில் ஏறும்போது ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கும், மிச்சம் கீழே சீலிங்குக்கு இறங்கும். அக்ரிலிக் பூச்சு தேங்கிய தண்ணீரில் நாள்கணக்கில் ஊறினால் மெத்தென்று ஆகி உரியவும் செய்யும். ஆகவே முதலில் வாட்டத்தை, அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவைப் பாருங்கள். ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்தால் பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது இறங்க வேண்டும். அது இல்லாத மாடியில் எந்த டப்பாவும் வீண்செலவு.

வெள்ளைப்பூச்சு:
ஈரம் இருக்கான்னு பார்க்க வழி இருக்கே சார். ரெண்டடிக்கு ரெண்டடி பாலித்தீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ராத்திரி முழுக்க விடுங்க. காலையில அடியில முத்து முத்தா வேர்த்திருந்தா பூச்சைத் தள்ளிப் போடணும். உடைக்கிறதுல இருக்கிற வம்பையும் சொல்லணும்ல? சதுர அடிக்கு 15 கிலோவுக்குக் குறையாது. 600 அடிக்கு 9 டன் இடிபாடு மாடியிலிருந்து இறங்கணும். கடப்பாரை கான்கிரீட் தளத்துல விழுந்தா இல்லாத விரிசலும் வரும். அத்தனையும் மழைக்கு முன்னாடி முடியுமா?

தட்டோடு:
மழைக்கு முன் உடைக்க நானும் சொல்லவில்லை, அது மாசியில் தொடங்க வேண்டிய வேலை. அப்படி மாற்றிப் போட்டாலும் சுண்ணாம்பில்தான் போட வேண்டும். கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்கிய சுண்ணாம்புக் கலவை வெயிலுக்கு நெகிழ்ந்து கொடுக்கும். இப்போது பலரும் ஜல்லியோடு சிமென்டைக் கலந்து ஒரே நாளில் முடிக்கிறார்கள். அது விறைப்பாக விரிந்து கைப்பிடிச் சுவரைத் தள்ளும், ஓரத்தில் விரிசல் விடும்.

கம்பிக்கலவை:
ரெண்டு பேரும் மாடி நடுவிலயே நிக்கிறீங்க. திருச்சிமாடி சொன்னது ஓரம். முதல்ல எங்க இறங்குதுன்னு பிரிச்சுப் பாருங்க. சுவரிலிருந்து ஓரடி தள்ளி மெலிசா கலவை வரப்பு கட்டி, நடுவுல மட்டும் ஓர் அங்குலம் தண்ணி நிறுத்தி 48 மணி நேரம் விடுங்க. கீழ ஈரம் இல்லைன்னா வரப்பை உடைச்சு, மழைநீர்க் குழாய் வாயைத் துணியால அடைச்சு ஓரத்துக்கும் தண்ணி விடுங்க. அப்போ ஈரம் வந்தா கோளாறு மூலையிலதான், இல்லாட்டி குழாய் வாயில.

மூலைன்னா சுவரை ஒட்டின ஒரே ஒரு வரிசை தட்டோட்டை மட்டும் எடுங்க, ஒன்பது அங்குல அகலம். சுவர்ப் பூச்சுல தட்டோட்டுக்கு மேல ஆறு அங்குல உயரத்துல ஓர் அங்குல ஆழத்துக்கு நெடுக கட்டர்ல காடி வெட்டுங்க. மூலையில கலவையைச் சாய்வா பூசி காயவிட்டு, மெஷ்ஷோட பூச்சை ஏத்தி அதன் நுனியை அந்தக் காடிக்குள்ள விட்டு அடைச்சிடணும். நுனியைச் சுவர் மேலயே நிறுத்தினா, சுவர்ல வழியுற தண்ணி அதன் பின்னாடி புகுந்துடும். தட்டோட்டைத் திரும்பப் பதிச்சா முடிஞ்சது.

தட்டோடு:
இதற்கு நான் ஒத்துக்கொள்கிறேன். ஓரத்தில் மட்டும் பூச்சு இருந்தால் நடுவே ஜல்லி மூச்சுவிடும். மாடி முழுக்க மூடுவதுதான் தப்பு.

வெள்ளைப்பூச்சு:
வாட்டம் சரியா இருந்து ஷீட்டும் காய்ஞ்சு வந்தா முழுசா அடிக்கலாம்னுதான் இன்னமும் சொல்வேன். வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பிவிடும், கீழ் ரூம் சூடு குறையும், அதை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனா இந்த வருஷம் ஓரமும் இடுக்கும் போதும், முழுப் பூச்சை பங்குனிக்கு வச்சுக்கலாம்.

கம்பிக்கலவை:
திருச்சிமாடி, இன்னொண்ணு. சீலிங்ல ஈரமான இடத்தைச் சுத்தியல் காம்பால தட்டிப் பாருங்க. டொக்குன்னு வெறுஞ்சத்தம் வந்தாலோ, கம்பி போற நீளத்துக்குப் பழுப்புக் கோடு தெரிஞ்சாலோ உள்ள கம்பி துருப்பிடிச்சு கான்கிரீட்டை நெட்டுதுன்னு அர்த்தம். அது மேல புட்டி பார்த்து மறைக்காதீங்க, கீழ கட்டிலும் போடாதீங்க. அந்த இடத்தை இன்ஜினியர் பார்க்கணும், நாமே செய்யுற வேலை இல்லை.