தாத்தா பெட்டியில் இருந்த சுரங்க இதழ்: இது என்ன சங்கம்?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா):
தோட்டத்து வீட்டைக் காலி செய்யும்போது தாத்தாவின் தகரப் பெட்டியில் கரையான் அரித்த இதழ் ஒன்று அகப்பட்டது. தஞ்சோங் துவாலாங் ஐந்தாம் எண் ஈயக் கப்பலில் (நீரில் மிதந்தபடி வெள்ளீய மண்ணைத் தோண்டும் பெரிய இயந்திரம்) எண்ணெய் போட்டவர் அவர். அட்டையில் இன்னும் கிரீஸ் விரல் தடம். 'சுரங்க, உலோகவியல் கழகம், லண்டன்' என்றிருக்கிறது. கம்பெனியா, சங்கமா?

பதில் 1:
சங்கம்தான் தம்பி. 1892இல் தொடங்கியது, 1915இல் அரச சாசனம் பெற்றது. சம்பளம் பேசுகிற தொழிற்சங்கம் இல்லை. படிப்பும் அனுபவமும் பார்த்துத்தான் பொறியாளர்களை உறுப்பினராக்குவார்கள். கட்டுரை வாசிப்பார்கள், விவாதிப்பார்கள், அதை அச்சிடுவார்கள். உங்களிடம் இருப்பது அப்படி ஒன்றாக இருக்கலாம்.

பதில் 2:
அமெரிக்கர்கள் முந்திக்கொண்டார்கள். 1871லேயே பென்சில்வேனியாவின் நிலக்கரி ஊரான வில்க்ஸ்-பேரியில் 22 பொறியாளர்கள் கூடித் தங்கள் கழகத்தை ஆரம்பித்துவிட்டார்கள். லண்டன்காரர்களுடையது 2002இல் இன்னொரு கழகத்தோடு இணைந்தது. அப்புறம், அந்தக் கப்பல் 1938இல் கட்டியது, 1982 வரை ஓடியது. பத்து காஜா பக்கம் போனால் பார்க்கலாம்.

கேட்டவர்:
நன்றி அண்ணே. தாத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எந்தத் துரை தூக்கிப் போட்டதோ! பக்க ஓரமெல்லாம் பென்சிலில் கடைக் கடன்தான்: அரிசி, மண்ணெண்ணெய், சுருட்டு.