சான் பிரான்சிஸ்கோ: பார்க்கிங் இடத்தில் 495 வீடு வேண்டாம் என்று நகர மன்றம் சொன்னது ஏன்?

வாடகைவாசி

சான் பிரான்சிஸ்கோவில் வீடு தேட ஆரம்பித்திருக்கிறேன், வாடகையைப் பற்றி யாரிடம் புலம்பினாலும் உடனே "469 ஸ்டீவன்சன் தெரு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை கதை இவ்வளவுதான்: மார்க்கெட் தெருவுக்குப் பின்னால், ஆறாம் தெருப் பக்கம், நார்ட்ஸ்ட்ரம் கடைக்கு வருகிறவர்களின் கார்களை நிறுத்தி வைக்கிற வெறும் தார்த் தரை. அங்கே 27 மாடியில் 495 வீடு கட்ட ஒரு நிறுவனம் வந்தது, அதில் ஒரு பகுதி குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு. 2021 அக்டோபரில் நகர மன்றம் 8-க்கு 3 என்று வாக்களித்து அதை நிறுத்திவிட்டது. அந்த இடத்தில் குடியிருந்தவர் யாரும் இல்லை, இடிக்க ஒரு வீடும் இல்லை, ரயில் நிலையமோ நடக்கிற தூரத்தில். இதை எதற்காக மறுத்தார்கள்? அரசியல் சண்டை வேண்டாம், நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கட்டட வரைவாளன்

முதலில் ஒரு திருத்தம். நகர மன்றம் அந்தக் கட்டடத்தை மறுக்கவே இல்லை, சட்டப்படி அவர்கள் நிராகரித்தது கட்டடத்தின் சுற்றுச்சூழல் அறிக்கையைத்தான். எல்லாச் சூட்சுமமும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

கலிபோர்னியாவில் சீக்வா என்று ஒரு சுற்றுச்சூழல் சட்டம் உண்டு, 1970-இல் ரொனால்ட் ரேகன் ஆளுநராக இருந்தபோது கையெழுத்திட்டது. அரசாங்கம் போடுகிற சாலை, அணை போன்றவற்றுக்குத்தான் இது என்று முதலில் நினைத்திருந்தார்கள். 1972-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், அரசு அனுமதி தேவைப்படுகிற தனியார் கட்டடத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து பெரிய அடுக்குமாடி என்றால் பெரும்பாலும் கனமான ஒரு சுற்றுச்சூழல் அறிக்கை தயாராக வேண்டியிருந்தது, அதைத் திட்டமிடல் ஆணையம் ஏற்க வேண்டும், அதன் பிறகும் அதிருப்தி உள்ளவர்கள் நகர மன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஸ்டீவன்சனில் நடந்ததும் இதேதான். ஆணையம் 2021 கோடையில் ஒப்புதல் கொடுத்தது, அக்கம்பக்கத்து அமைப்பு ஒன்று மேல்முறையீட்டுக்குப் போனது, நகர மன்றம் "நிலநடுக்கம், அஸ்திவாரம், சுற்றுவட்டாரத்தில் பழைய குடிகள் வெளியேறும் அபாயம், இதையெல்லாம் இன்னும் ஆராய்ந்துவிட்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பியது.

சரி, நேரடியாக "முடியாது" என்று சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தால் மாட்டியிருப்பார்கள். விதிக்கு உட்பட்ட குடியிருப்பை உடல்நலம், பாதுகாப்பு தொடர்பான எழுத்துபூர்வ ஆதாரம் இல்லாமல் மறுக்கக்கூடாது என்று 1982-லிருந்தே மாநிலச் சட்டம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அந்தச் சட்டம் பிடிக்க வேண்டுமானால் சுற்றுச்சூழல் வேலை முடிந்திருக்க வேண்டும். அறிக்கை முடியவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தால்? மறுப்பு என்று ஒன்று நடக்கவே இல்லை, ஆகவே மீறலும் இல்லை. கெட்டிக்காரத்தனம்தான், பாராட்டத்தான் மனம் வரவில்லை.

ஆறாம் தெரு

வரைவாளர் சார் சொன்ன சட்டம் சரி, ஆனால் எதிர்த்தவர்கள் எல்லாம் ஏதோ சூழ்ச்சிக்காரர்கள் மாதிரி ஒரு சாயல் வருகிறது, அதை ஒத்துக்கொள்ள முடியாது. அந்தப் பகுதியின் பழைய கதை தெரியாமல் இதைப் பேச முடியாது. 1960-களிலும் 70-களிலும் "புனரமைப்பு" என்ற பெயரில் பக்கத்து எர்பா பூயெனா பகுதியில் சின்னச் சின்ன விடுதி அறைகளில் காலம் தள்ளிய வயதான தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகக் கிளப்பினார்கள். அவர்கள் நீதிமன்றத்துக்குப் போய்ப் போராடியதால்தான் முதியோருக்கான மலிவு வாடகைக் கட்டடங்கள் அங்கே வந்தன, இந்த மேல்முறையீட்டின் பின்னணியில் இருந்த அமைப்பும் அந்தப் போராட்டத்தில் பிறந்ததுதான். கொஞ்சம் வடக்கே, கியர்னி தெருவில், 1977 ஆகஸ்டில் இன்டர்நேஷனல் ஹோட்டலிலிருந்து பிலிப்பினோ, சீன முதியவர்களை நள்ளிரவில் போலீஸ் வைத்து வெளியேற்றினார்கள். இடித்த பிறகு அந்த மனை இருபது வருடத்துக்கும் மேல் சும்மா கிடந்தது, 2005-இல்தான் அங்கே முதியோர் குடியிருப்பு எழுந்தது. இதையெல்லாம் கண்ணால் பார்த்தவர்களிடம் போய் "புதுக் கட்டடம் வந்தால் உங்களுக்கும் நல்லது" என்றால் நம்புவார்களா?

அஸ்திவாரக் கேள்வியும் வீம்பு இல்லை. மார்க்கெட் தெருவுக்குத் தெற்கே அதே பகுதியில் 58 மாடி மில்லேனியம் டவர் 2009-இல் திறந்தது, தரையில் அமிழ்ந்து சாய்கிறது என்பது 2016-இல்தான் ஊருக்குத் தெரிந்தது. கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கினவர்களுக்கே அந்த நிலைமை.

கட்டட வரைவாளன்

வரலாறு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வரலாற்றில் இடித்தது மனிதர்கள் இருந்த கட்டடத்தை. இங்கே இருந்தது கார். அந்தத் தொகுதியின் அன்றைய நகர மன்ற உறுப்பினர் மாட் ஹேனியே திட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்த மூவரில் ஒருவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மில்லேனியம் சமாசாரத்துக்கு வந்தால், அஸ்திவாரத்தை எப்படியும் கட்டட அனுமதிக் கட்டத்தில் மண் பரிசோதனையோடு பொறியாளர்கள் தனியாகப் பார்ப்பார்கள், அதற்குச் சுற்றுச்சூழல் அறிக்கையைப் பிடித்து வைப்பது இடம் மாறிய கேள்வி.

சட்டைப்பை

இரண்டு பேரும் விட்டுவிட்ட விஷயம் காலம். அறிக்கையைத் திருத்தி 2023-இல் ஆணையம் மறுபடி ஒப்புதல் கொடுத்துவிட்டது, அதாவது கட்டடம் தப்பில்லை என்று அதே ஊரே சொல்லியாயிற்று. ஆனால் 2021-இல் அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி கிட்டத்தட்ட பூஜ்யம், 2023 ஜூலையில் ஐந்தேகால் சதவீதத்தைத் தாண்டிவிட்டது. 27 மாடிக்குக் கடன் வாங்குகிறவனுக்கு அந்த இடைவெளி என்ன செய்யும் என்று கணக்குப் பிள்ளை யாரையாவது கேளுங்கள். நார்ட்ஸ்ட்ரம் கடையே 2023 ஆகஸ்டில் மூடிவிட்டது, இதைவிடக் கிண்டல் வேண்டுமா!

"இல்லை" என்று சொல்லத் தேவையே இல்லை, இரண்டு வருடம் "அப்புறம் பார்க்கலாம்" என்றால் போதும். நகர மன்றங்களின் உண்மையான அதிகாரம் இதுதான் என்பது என் வாதம். மாநில வீட்டுவசதித் துறை இந்த ஊரை ஆராய்ந்து 2023 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள்: ஒரு குடியிருப்புத் திட்டம் முதல் ஒப்புதல் வாங்கவே சராசரியாக 523 நாள், அதன்பின் கட்டட அனுமதிக்கு இன்னும் 605 நாள். மாநிலத்திலேயே மோசம்.

வாடகைவாசி

நன்றி எல்லோருக்கும், ஆறாம் தெரு சொன்ன கதை எனக்குச் சுத்தமாகத் தெரியாது. இன்றைக்கும் இதே மாதிரி ஒரு திட்டத்தை இதே வழியில் நிறுத்த முடியுமா?

கட்டட வரைவாளன்

சுலபமில்லை. ஸ்டீவன்சன் எழுப்பிய சத்தத்தில் மாநிலமே இறங்கி வந்தது. 2023-இல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் பில் டிங் கொண்டுவந்த சட்டம் (ஏபி 1633), காரணமில்லாமல் அறிக்கையை இழுத்தடித்தால் அதையே மறுப்பாகக் கணக்கில் வைக்க வழி செய்தது. 2025 ஜூன் 30 அன்று ஆளுநர் நியூசம் கையெழுத்திட்ட ஏபி 130 இன்னும் ஒரு படி மேலே: ஊருக்கு நடுவே, விதிக்கு உட்பட்டு, 20 ஏக்கருக்குள் வருகிற பெரும்பாலான குடியிருப்புகளுக்கு சீக்வாவே வேண்டாம். 85 அடிக்கு மேல் போனால் தொழிலாளர் கூலி விதிகள் சேர்ந்துகொள்ளும், அது தனிக் கதை. எந்தத் தெருவில் எத்தனை மாடி என்பதை வரையறுப்பது இன்னமும் நகர மன்றத்தின் கையில்தான், ஆனால் 2031-க்குள் சுமார் 82,000 வீட்டுக்கு இடம் காட்டியாக வேண்டும் என்று மாநிலம் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறது.

ஆறாம் தெரு

வாடகைவாசி, சட்டம் இருக்கட்டும். வீடு பார்க்கும்போது கட்டடம் 1979 ஜூன் மாதத்துக்கு முன் கட்டினதா என்று முதலில் கேளுங்கள். அப்படியானால் பெரும்பாலும் நகரத்தின் வாடகைக் கட்டுப்பாடு உண்டு, வருடா வருடம் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. பளபளவென்று புதுக் கோபுரத்தில் முதல் மாதம் இலவசம் என்பான், அடுத்த வருடம் என்ன கேட்பான் என்பதை ஒப்பந்தம் போடுவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.