பிறர் கண்ணில் தெரிந்த ‘நான்’: வகுப்பறை அனுபவங்கள்

ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை:
‘நான் யார்?’ என்ற ஒரே கேள்விக்கு இருபது விடைகள் எழுதச் சொல்லும் பயிற்சியை மான்ஃபர்ட் கூன், தாமஸ் மெக்பார்ட்லண்ட் ஆகிய சமூகவியலாளர்கள் 1954 இல் வெளியிட்டார்கள். அதை என் வகுப்பில் செய்து பார்த்தேன். மாணவி, மூத்த மகள், பந்தாட்டக்காரன் என்று முதல் சில விடைகள் மளமளவென்று வந்தன. அதன் பிறகு பலருடைய பேனாவும் நின்றுவிட்டது. ஒரு மாணவி ஏழாவதோடு தாளை மூடி வைத்துவிட்டாள்.

மறுநாள், பக்கத்தில் அமர்ந்திருப்பவரைப் பற்றி எழுதும்படி கேட்டேன். நல்லவள், கெட்டிக்காரன் போன்ற சொற்கள் வேண்டாம், கண்ணால் கண்ட ஒரு நிகழ்ச்சி மட்டும் போதும் என்றேன். ஏழோடு நிறுத்திய அந்த மாணவியைப் பற்றி அவள் தோழி, “புதிதாகச் சேர்ந்த பெண் முதல் நாள் தனியாக இருந்தபோது, இவள் எதுவும் கேட்காமல் போய் அவள் அருகில் உட்கார்ந்துகொண்டாள்” என்று எழுதியிருந்தாள். அதை இரண்டு முறை படித்தவள், தனக்கு அப்படியொன்று நடந்த நினைவே இல்லை என்றாள். பிறகு முந்தைய நாளின் தாளைத் திரும்பக் கேட்டு வாங்கி எட்டாவது விடையை எழுதினாள். அதை நான் படிக்கவில்லை. படிக்க மாட்டேன் என்று முன்பே வாக்குக் கொடுத்திருந்தேன்.

மேல்நிலை வகுப்பு ஆசிரியர்:
நான் எதிர்த்திசையில் போய்ச் சறுக்கியவன். ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்காம் ஆகிய உளவியலாளர்கள் 1955 இல் அமைத்த ஜொஹாரி சாளரம், நம்மைப் பற்றி நமக்கும் பிறருக்கும் தெரிந்ததையும் தெரியாததையும் நான்கு கட்டங்களாகப் பிரிக்கும் வரைபடம். அதில் நமக்குத் தெரியாமல் பிறருக்கு மட்டும் தெரியும் பகுதி என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்புவதற்காகப் பண்புச் சொற்களின் பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் பொருந்துவனவற்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். ஒரு மாணவனுக்கு ஏறக்குறைய எல்லாரும் ‘அமைதியானவன்’ என்றே குறித்திருந்தார்கள். வகுப்பு முடிந்தபின் அவன் வந்து, “நான் அமைதியானவன் இல்லை ஐயா, இந்த வகுப்பில் எனக்குப் பேச இடம் கிடைக்கவில்லை” என்றான். அவனைப் பற்றிய குறிப்பு என்று நான் எண்ணியது உண்மையில் எங்களைப் பற்றியதாக இருந்தது. இப்போது பிறர் எழுதியதற்குக் கீழே, உரியவர் மறுப்போ விளக்கமோ எழுதுவதற்கு அதே அளவு இடம் விடுகிறேன்.

முன்னாள் மாணவர்:
பிறர் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைவிட, எப்படிப் பார்ப்பதாக நாம் கற்பனை செய்கிறோம் என்பதே நம் தன்னுணர்வை உருவாக்குகிறது என்று சமூகவியலாளர் சார்லஸ் கூலி 1902 இலேயே எழுதினார். எனக்கு அது பொருந்தியது. நான் பேசும்போது சொற்கள் தாமதமாக வரும். அதற்காக எல்லாரும் உள்ளுக்குள் சிரிக்கிறார்கள் என்று பல ஆண்டுகள் நம்பினேன். இத்தகைய பயிற்சி ஒன்றில் நண்பன், “கணக்குப் புரியாவிட்டால் இவனிடம்தான் கேட்பேன், அவசரப்படாமல் சொல்வான்” என்று எழுதினான். நான் குறையென்று மறைத்ததை அவன் வேறொன்றாகக் கண்டிருக்கிறான். (சிரித்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை:
அடைப்புக்குறிக்குள் நீங்கள் சொன்னதற்காகத்தான், பெயரில்லாத சீட்டுகளை நான் ஏற்பதில்லை. எழுதியவர் கையெழுத்திட வேண்டும். நான் படித்துப் பார்த்த பிறகே அது உரியவர் கைக்குப் போகும்.