‘தேறாத வீரன்’ ஒருமுறைகூடத் தோற்கவில்லையே?

வடதிசை:

2015 அக்டோபர் 3, சனிக்கிழமை. அன்று ஜப்பானில் இரண்டு அனிமே (ஜப்பானிய அசைபட) தொடர்கள் ஒரே நாளில் தொடங்கின. ஒன்று, மிசோரா ரிக்குவின் நாவல் வரிசையிலிருந்து வந்த ‘ரகுதாய் கிஷி நோ கேவல்ரி’. மற்றொன்று, மியாசாகி யூ எழுதிய ‘ககுசென் தோஷி ஆஸ்டரிஸ்க்’. இரண்டின் முதல் அத்தியாயத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு ஒரே கதையை இருமுறை பார்த்தது போல இருந்திருக்கும். சக்தி படைத்த மாணவர்களுக்கென்று ஒரு பள்ளி. வெளிநாட்டு இளவரசி உடை மாற்றும் அறைக்குள் தெரியாமல் நுழைந்துவிடும் பையன். நெருப்பைக் கையாளும் அந்த இளவரசி கொதித்தெழுந்து அவனைச் சண்டைக்கு அழைப்பாள். அதன்பிறகு பள்ளிகள் மோதும் பெரிய போட்டியை நோக்கிக் கதை நகரும். இரண்டின் முதல் பருவமும் டிசம்பர் 19 அன்றே முடிந்தது.

பத்தாண்டுகள் கடந்தும் இவற்றை ஒப்பிடும் இடங்களில் எல்லாம் ஒரே தீர்ப்பைத்தான் படிக்கிறேன். ரகுதாய் உழைப்பின் கதையாம்; ஆஸ்டரிஸ்க் வெறும் அலங்காரமாம். என்னால் இதை ஏற்க முடியவில்லை.

‘ரகுதாய்’ என்றால் தேர்வில் தேறாமல் போவது. நாயகன் இக்கி குரோகானேயின் மந்திர ஆற்றல் சராசரி மாணவனுடையதில் பத்தில் ஒரு பங்கு. தரவரிசையில் கடைசியான எஃப். சரி, பன்னிரண்டு அத்தியாயங்களில் அவன் எத்தனை ஆட்டம் தோற்கிறான்? ஒன்றுகூட இல்லை. ஏ தரத்து இளவரசி ஸ்டெல்லாவை முதல் அத்தியாயத்திலேயே வெல்கிறான். கண்ணுக்குத் தெரியாமல் நின்று அம்பெய்யும் கிரிஹாராவை வெல்கிறான். கடைசியில், முந்தைய ஆண்டு தேசியப் போட்டியில் அரையிறுதி வரை போன தோகா தோதோவையும் வெல்கிறான். எதிராளியின் வாள்வீச்சைச் சில நிமிடம் பார்த்தாலே போதும், அதன் வேரைப் பிடித்து அதைவிட மேலான ஒன்றை உருவாக்கிவிடுவான். இதையா உழைப்பு என்கிறீர்கள்? பிறவி வரத்துக்கு வேறு பெயர் சூட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆஸ்டரிஸ்க்கில் நாயகன் அயாதோ அமகிரி தோற்கிறான். பதின்மூன்று வயது கிரின் அந்தப் பள்ளியின் முதலிடத்தில் இருப்பவள். அவளுடைய பெரியப்பா அவள்மேல் கை ஓங்குவதைப் பார்த்துக் குறுக்கே போகிறான், அந்தக் கோபத்தில் அவளோடு மோத வேண்டிவருகிறது, மார்பில் குத்தியிருக்கும் பள்ளி முத்திரை பிளந்து தோற்றுப்போகிறான். அந்தச் சிறுமி எதற்காக வாளெடுத்தாள்? தன்னைக் காப்பாற்றப்போய்க் கொலைப் பழியோடு சிறையில் இருக்கும் அப்பாவை மீட்க. பெரியப்பா எதற்காக அவளை ஏவினார்? நிறுவனத்தில் பதவி உயர. ஆறு பள்ளிகளுக்குப் பின்னாலும் ஆறு பெருநிறுவனங்கள் இருக்கின்றன. பிள்ளைகளின் சண்டை அங்கே ஒரு வியாபாரம். இதை ஒளிக்காமல் சொன்ன தொடரை அலங்காரம் என்று எப்படித் தள்ளுகிறீர்கள்?

நிழலிரும்பு:

இக்கியின் வாளுக்கு இன்தெட்சு என்று பெயர். அந்த எழுத்துகளின் பொருளைத்தான் என் பெயராக வைத்திருக்கிறேன். எனவே நான் எந்தப் பக்கம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், வடதிசை அண்ணா.

அவன் கண்ணை வரம் என்கிறீர்கள். அது எங்கிருந்து வந்தது என்பதைத் தொடரே சொல்கிறது. குரோகானே பேர்பெற்ற வீரர் குடும்பம். ஆற்றல் குறைந்த பிள்ளை என்று அவனுக்கு மட்டும் யாரும் எதையும் கற்றுத்தரவில்லை. மற்றவர்களுக்குக் கற்பிப்பதைத் தள்ளி நின்று பார்த்துத்தான் அவன் கற்றான். ஏகலைவனின் வில்வித்தையை நாம் வரம் என்றா சொல்கிறோம்?

பள்ளியிலும் அதே கதைதான். முந்தைய நிர்வாகம் அவன் குடும்பத்தோடு கைகோத்து, செய்முறை வகுப்புக்குள்ளேயே அவனை விடவில்லை. அதனால் ஓராண்டு அதே வகுப்பில் உட்கார்ந்தான். ‘தேறாதவன்’ என்ற பெயர் அப்படித்தான் வந்தது. தேறாதது வேறு, தோற்றது வேறு. நீங்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுக் கேள்வி கேட்கிறீர்கள். ஆட விடாமல் வைத்திருந்தவனை ‘ஏன் ஆட்டத்தில் தோற்கவில்லை’ என்று கேட்பது நியாயமா? புதிய தலைவர் குரோனோ தரவரிசைத் தாளைக் கிழித்துவிட்டு, நேருக்கு நேர் ஆடி வென்றவரே போட்டிக்குப் போகலாம் என்கிறார். இந்தத் தொடரில் எனக்கு மிகப் பிடித்த நிகழ்வு எந்தச் சண்டையும் இல்லை, இந்த விதிமாற்றம்தான்.

வடதிசை:

ஏகலைவனைத் தொட்டுவிட்டீர்கள், தம்பி. அவன் கட்டைவிரலை இழந்தான். இக்கி எதை இழந்தான்? இளவரசி கிடைத்தாள், வெற்றி கிடைத்தது, கடைசியில் அரங்கம் முழுக்கக் கைதட்டல் கிடைத்தது.

நிழலிரும்பு:

ஓர் ஆண்டை இழந்தான். அப்பாவை இழந்தான்.

அவனுடைய பெரிய நுட்பம் என்ன என்று பாருங்கள். ஒரு நாளைக்கு இருக்கும் மொத்தப் பலத்தையும் ஒரே நிமிடத்தில் எரித்துவிடுவது. நாளுக்கு ஒருமுறைதான் முடியும். அந்த நிமிடம் முடிந்தால் நிற்கக்கூடத் தெம்பிருக்காது. கையில் பத்து ரூபாய் வைத்திருப்பவன் நூறு ரூபாய் வைத்திருப்பவனோடு ஏலம் கேட்கும் ஒரே வழி, பத்தையும் ஒரே பொருளுக்குக் கேட்பது. இது வரம் பெற்றவன் யோசிக்கும் யோசனையா? கடைசி ஆட்டத்தில் அந்த ஒரு நிமிடத்தையும் சுருக்கி ஒரே வீச்சில் இறைக்கிறான்.

அந்த ஆட்டத்துக்கு முன் நடந்ததையும் நினைவுபடுத்துகிறேன். அவனும் ஸ்டெல்லாவும் காதலிப்பதை ஊரறிந்த அவதூறாக்கி, விசாரணை என்ற பெயரில் அடைத்துவைத்து, உடல் நலிய விடுகிறார்கள். அப்பாவே நேரில் வருகிறார். ஒன்றும் செய்ய முடியாதவன் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும் என்கிற பொருளில்தான் பேசுகிறார். குரலில் கோபம் துளியும் இல்லை. கடைசித் தரத்தில் இருப்பவன் மேலேறினால், கீழே இருக்கும் மற்றவர்கள் தங்கள் இடத்தில் அடங்கி இருக்க மாட்டார்கள், அமைப்பு குலையும் என்று அவர் உளமார நம்புகிறார். கெட்டவன் வேடம் போட்ட கிரினின் பெரியப்பாவைவிட இந்த நல்லெண்ண அப்பா எனக்கு அதிகம் பயம் தருகிறார்.

மலர்:

நீங்கள் இருவரும் பையன்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டு தொடர்களின் தொடக்கக் காட்சிமேலும் கடுமையான வருத்தம் இருக்கிறது. ஒரு பெண்ணின் அறைக்குள் நுழைந்து, அவள் அவமானப்பட்டு, அதைச் சிரிப்பாக்கித்தான் கதை தொடங்க வேண்டுமா? கல்லூரித் தோழி ஒருத்திக்கு ரகுதாயைப் பரிந்துரைத்தேன். ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காட்சியைத் தாண்டினால் என்ன இருக்கிறது என்று அவளிடம் சொல்லி நம்பவைக்க என்னால் முடியவில்லை.

ஆனால் ரகுதாய் அந்தக் கடனைப் பிற்பாடு அடைத்தது என்றே நினைக்கிறேன். இவ்வகைத் தொடர்களில் நாயகனைச் சுற்றி நான்கைந்து பெண்கள் நிற்பார்கள், யாரையும் தேர்ந்தெடுக்காமலே கதை ஓடும். ஆஸ்டரிஸ்க்கில் யூலிஸ், கிளாடியா, சாயா, கிரின் எல்லோரும் அயாதோவைச் சுற்றியே நிற்கிறார்கள். ரகுதாயில் நான்காம் அத்தியாயத்துக்குள் இக்கியும் ஸ்டெல்லாவும் ஒருவரை ஒருவர் விரும்புவதைச் சொல்லிவிடுகிறார்கள். அதன்பிறகு எப்படிப் பேசுவது, எப்போது கையைப் பிடிப்பது என்று தடுமாறுவதெல்லாம் இரண்டு உண்மையான பிள்ளைகளின் தடுமாற்றம். ஸ்டெல்லாவும் காத்திருந்து பரிசாகக் கிடைப்பவள் அல்ல. தன் நாட்டில் தன்னைவிட வலியவர் இல்லாமல் தன் வளர்ச்சி நின்றுவிடக் கூடாது என்று கடல் தாண்டி வந்தவள். ‘இளவரசி கிடைத்தாள்’ என்று எழுதினீர்களே, வடதிசை அண்ணா, அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

வடதிசை:

நீங்கள் சொல்வது சரி, மலர். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒசாகா வாசி:

இங்கே ஒசாகாவில் ஏழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இந்தப் பள்ளிப் போட்டி மோகம் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் தொடவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் மாதத்தில் இங்கே அலுவலகத்திலும் சலூனிலும் சாப்பாட்டுக் கடையிலும் தொலைக்காட்சியில் ஒன்றே ஓடும்: உயர்நிலைப் பள்ளிகளின் பேஸ்பால் போட்டி. 1915இல் தொடங்கியது. 1924இல் கட்டிய கோஷியென் மைதானத்தில் நடக்கிறது. ஒசாகாவிலிருந்து ரயிலேறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். மாகாணத்துக்கு ஒரு பள்ளி, தோக்கியோவுக்கும் ஹொக்கைதோவுக்கும் இரண்டிரண்டு என்று 49 பள்ளிகள். ஓர் ஆட்டம் தோற்றால் ஊருக்குப் போக வேண்டியதுதான். மூன்றாம் ஆண்டு மாணவனுக்குப் பள்ளி வாழ்க்கையின் பேஸ்பாலே அன்றோடு முடிகிறது.

ஒருமுறை வெயிலில் உட்கார்ந்து நேரில் பார்த்தேன். ஆட்டம் முடிந்ததும் தோற்ற அணிப் பையன்கள் மைதானத்தில் மண்டியிட்டு, கருத்த மண்ணைக் கையால் வழித்து வழித்துப் பையில் போட்டுக்கொண்டார்கள். அழுதுகொண்டே அள்ளினார்கள். ஒருவன் அள்ளிய மண் விரலிடுக்கில் கொட்டிப்போக, பக்கத்தில் இருந்தவன் தன் பையிலிருந்து எடுத்து அவனுக்குக் கொஞ்சம் போட்டான். வென்ற அணியை நான் பார்க்கவே இல்லை.

1958இல் ஒகினாவாவின் ஷுரி பள்ளி முதன்முதலாக அங்கே வந்து தோற்றது. அப்போது ஒகினாவா அமெரிக்க ஆட்சியில் இருந்தது. பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போன மண்ணை, தாவர நோய்த்தடுப்புச் சட்டத்தைக் காட்டித் துறைமுகத்திலேயே கொட்டவைத்துவிட்டார்கள். செய்தியறிந்த விமானப் பணிப்பெண்கள், மண்ணுக்குத்தானே தடை என்று கோஷியென் கற்களை எடுத்து அந்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள்.

49 பள்ளிகளில் 48 தோற்றுத்தான் வீடு திரும்புகின்றன. இங்கே பள்ளிப் போட்டியின் உயிர் அந்த நாற்பத்தெட்டில் இருக்கிறது. நாயகன் தோற்றானா என்று நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். நாயகனிடம் தோற்றவர்களுக்கு அந்தத் தொடர் என்ன செய்தது என்று நான் கேட்பேன்.

இன்னொன்று. ரகுதாயில் இக்கியின் பள்ளிக்கு ஹாகுன் என்று பெயர். ஜப்பானில் உள்ள ஏழு வீரர் பள்ளிகளுக்கும் சப்தரிஷி மண்டலத்தின் ஏழு விண்மீன்களின் பெயர். ஹாகுன் வால்நுனி விண்மீன், நம் வழக்கில் மரீசி. ‘ஏழு விண்மீன் வாள் விழா’ என்று போட்டிக்குப் பெயர் வைத்ததும் அதனால்தான்.

நிழலிரும்பு:

நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. தோகா தோதோ. (ஆஸ்டரிஸ்க்கின் கிரினுக்கும் குடும்பப் பெயர் தோதோதான், எழுத்துகள் வேறு.) அவள் ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தவள். அங்கிருக்கும் குழந்தைகளின் நம்பிக்கையைச் சுமந்துதான் ஆடுகிறாள். ஆஸ்டரிஸ்க்கிலும் ஓர் இல்லம் உண்டு. இளவரசி யூலிஸ், ஃபீனிக்ஸ் என்ற பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் இறங்குவதே தன் நாட்டின் அனாதைப் பிள்ளைகளுக்குப் பணம் தேடித்தான்.

இப்போது வேறுபாட்டைப் பாருங்கள். ஆஸ்டரிஸ்க்கில் இல்லத்துக்காக ஆடுபவள் வெல்கிறாள், பணம் வருகிறது, நமக்கும் நிம்மதி. ரகுதாயில் இல்லத்துக்காக ஆடுபவள் நாயகனுக்கு எதிரே நிற்கிறாள். அவள் தோற்றால்தான் இவன் போக முடியும். கடைசி ஆட்டத்தில் யார் வெல்ல வேண்டும் என்று எனக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தத் தயக்கத்தை உண்டாக்கிய தொடரை எப்படிக் குறைத்து மதிப்பிடுவேன்?

வடதிசை:

நல்ல கேள்வி, ஒசாகா நண்பரே. ஆனால் ஆஸ்டரிஸ்க் தோற்றவர்களை மறந்தது என்று முடிவுகட்டாதீர்கள். ஐரீன் என்ற பெண்ணை நினைத்துப் பாருங்கள். தங்கை பிரிசில்லாவை மீட்க வாங்கிய கடனுக்காக ஆடுகிறாள். ஈர்ப்புவிசையைக் கையாளும் அவளது ஆயுதத்துக்கு விலை இரத்தம். எவ்வளவு காயம்பட்டாலும் ஆறிவிடும் உடல் கொண்ட தங்கையின் கழுத்திலிருந்தே அதைக் குடிக்கிறாள். அரங்கம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தங்கை கழுத்தைச் சாய்த்துக் கொடுக்கும் அந்தக் காட்சி என்னை உலுக்கியது. கடைசியில் ஆயுதமே அவளை விழுங்கப் பார்க்கும்போது அயாதோ உடைப்பது அந்த ஆயுதத்தைத்தான். அவளுக்குத் தோல்விதான் விடுதலை. வென்றிருந்தால் அடுத்த ஆட்டத்துக்கும் தங்கையின் இரத்தம் வேண்டியிருக்கும்.

பழைய வாசகன்:

ஒரு தகவல் மட்டும். ரகுதாய் அனிமே நாவலின் முதல் மூன்று தொகுதிகளோடு நின்றுவிட்டது. பள்ளிக்குள் நடந்த தகுதி ஆட்டங்களை மட்டுமே நாம் பார்த்திருக்கிறோம். ஏழு விண்மீன் விழா இன்னும் திரைக்கு வரவே இல்லை. போட்டித் தொடர் என்று நாம் இத்தனை பேசும் தொடரில் உண்மையான போட்டியே தொடங்கவில்லை. ஆஸ்டரிஸ்க்குக்கு 2016இல் இரண்டாம் பருவம் கிடைத்து ஃபீனிக்ஸ் இறுதி ஆட்டம்வரை காட்டிவிட்டார்கள். ரகுதாய்க்கு அந்த வாய்ப்பு கிடைக்காதது எனக்கு இன்றும் ஆறாத குறை.

வடதிசை:

நேற்றிரவு ரகுதாயின் பன்னிரண்டாம் அத்தியாயத்தை மறுபடி பார்த்தேன். இம்முறை இக்கியை விட்டுவிட்டுத் தோகாவை மட்டுமே பார்த்தேன்.

அவன் நடந்து வருவதே பெரும்பாடு. மின்னலைக் கையாளும் அவளுக்குத் தள்ளி நின்று அடிக்கவும் தெரியும். தூரத்திலிருந்தே ஆடியிருந்தால் அந்த உடம்போடு அவனால் தாக்குப்பிடித்திருக்க முடியாது. இல்லத்துப் பிள்ளைகளுக்கு வெற்றி போய்ச் சேர்ந்திருக்கும். அவள் வாளை உறையிலிட்டு, உருவும் நிலைக்கு வந்து, அவன் வரட்டும் என்று நிற்கிறாள். தன்னிடம் இருப்பதில் எது சிறந்ததோ அதைத்தான் அவனுக்கு எதிரே வைக்கிறாள்.

இக்கியின் கண் பிறவி வரம் என்பதிலிருந்து நான் இன்னும் இறங்கவில்லை, தம்பி. தோகாவைப் பற்றி நீங்கள் எழுதியது முழுக்கச் சரி.