‘கொலையாளி கைது’ என்று நான் வைத்த தலைப்பு: உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்

பழைய டெஸ்க்காரன்:

இருபது வருஷத்துக்கு மேல் பத்திரிகை அலுவலகத்தின் நைட் டெஸ்க்கில் உட்கார்ந்து தலைப்பு வைத்தவன் நான். ஒற்றைப் பத்தி அகலச் செய்திக்குத் தலைப்பு வைப்பது தனி அவஸ்தை. ‘கொலையாளி கைது’ என்றால் ஒரே வரியில் கச்சிதமாக உட்காரும். ‘கொலை வழக்கில் ஒருவர் கைது’ என்றால் இரண்டாவது வரிக்கு இறங்கும், கீழே செய்தியில் ஒரு வரியை வெட்டவேண்டும். பக்கம் முடிக்கிற அவசரத்தில் எது ஜெயிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்படி நான் ‘கொலையாளி’ ஆக்கிய ஒருவர் நாலு வருஷம் கழித்து அலுவலகத்துக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் கவருக்குள் தீர்ப்பு நகல். விடுதலை. கூடவே அன்றைய பேப்பரையும் மடித்து வைத்திருந்தார். மடிப்பு விழுந்த இடத்தில் தலைப்பு பாதி கிழிந்திருந்தது. சண்டை போட வரவில்லை. “சார், அன்னைக்குப் போட்ட அதே இடத்துல இதையும் போடுங்க” என்றார், அவ்வளவுதான்.

செய்தி ஆசிரியரிடம் கேட்டேன். “தீர்ப்பு வந்து மூணு மாசம் ஆச்சேய்யா, பழசு” என்றார். கெஞ்சி நாலு வரி வாங்கினேன். உள்பக்கத்தில், விளம்பரத்துக்கு மேலே. தலைப்பு ‘வாலிபர் விடுதலை’. அதுவும் ஒரே வரியில் உட்கார்ந்தது.

பேர் ஒன்று ஆள் வேறு:

சார், நான் கைதே ஆகவில்லை. என் பேரில் இன்னொருவர் மோசடி வழக்கில் பிடிபட்டார். ஒரு செய்தித் தளம் ஃபேஸ்புக்கில் பேரைத் தேடி, முதலில் வந்த என் படத்தை எடுத்துப் போட்டுவிட்டது. காலையில் மச்சான் போனில் “மாப்ள, எங்க இருக்கீங்க?” என்றபோதே குரல் சரியில்லை.

அந்தத் தளத்துக்குப் பேசினேன். இரண்டு மணி நேரத்தில் படத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் ‘தவறான படம் வெளியானது, வருந்துகிறோம்’ என்று ஒரு வரி கிடையாது. அதற்குள் வாட்ஸ்அப்பில் போன ஸ்கிரீன்ஷாட்டை யார் எடுப்பது? ஆபீசில் ஒருவர், “நீங்க இல்லைன்னு தெரியும் சார், இருந்தாலும்...” என்று இழுத்தார். அந்த ‘இருந்தாலும்’ இன்னும் காதில் இருக்கிறது.

இனிஷியல், வயது, தொழில் எல்லாம் எதற்குப் போடுகிறார்கள் என்று முன்பு யோசித்ததே இல்லை. அதே பேரில் இருக்கிற மற்றவர்கள் தப்பிக்கத்தான்.

கிரிமினல் வக்கீல்:

எல்லோரும் பிடிபட்டவர் பக்கமே பேசுகிறீர்கள். பாதிக்கப்பட்டவருக்கும் இதில் நஷ்டம் உண்டு.

நான் ஜூனியராக இருந்தபோது ஒரு வழிப்பறி வழக்கு. பணம் பறிகொடுத்தவருக்கு ஆளை முன்பின் தெரியாது. அடையாள அணிவகுப்பில், அதாவது பலரை வரிசையாக நிறுத்தி ஆளைக் காட்டச் சொல்வதில், எங்கள் கட்சிக்காரரைச் சரியாகக் காட்டியிருந்தார். குறுக்கு விசாரணையில் சீனியர் கேட்டது ஒரே கேள்வி: “அணிவகுப்புக்கு முன்னாடி இவர் போட்டோவைப் பார்த்தீங்களா?” “பேப்பர்ல பார்த்தேங்க.” சீனியர் உட்கார்ந்துவிட்டார். போட்டோவில் பார்த்த முகத்தையே காட்டியிருக்கலாம் என்பதால் அடையாளம் காட்டியதற்கு அதோடு மதிப்பு போய்விட்டது, கட்சிக்காரர் வெளியே வந்தார். அவர் செய்தாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்புறம் பேப்பரில் வருகிற இந்த ‘பகீர் வாக்குமூலம்’. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்தியாவில் 1872 சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவிலிருந்தே இருக்கிறது. இப்போதைய பாரதிய சாட்சிய அதினியத்தில் 23ஆவது பிரிவு. அதை வைத்து ஏதாவது பொருள் கண்டெடுக்கப்பட்டால், அது சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். நீதிபதி ஒதுக்கிவைக்க வேண்டிய தாளை ஊர் முழுக்க மேற்கோள் குறியோடு படித்து முடித்திருக்கும்.

பிரிட்டனில் பிடிபட்டவரைக் குற்றவாளிபோல எழுதியதற்கு அபராதமே விழுந்தது. பிரிஸ்டலில் ஒரு பெண் கொலையான வழக்கில், 2010 டிசம்பர் கடைசியில், அந்தப் பெண் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான ஓய்வுபெற்ற ஆசிரியர் கிறிஸ்டோபர் ஜெஃப்ரீஸைப் பிடித்தார்கள். அவர் தலைமுடியிலிருந்து தனியாக வாழ்ந்தது வரை எல்லாம் ‘ஆதாரம்’ ஆனது. கொன்றது வேறு ஆள். நீதிமன்ற அவமதிப்புக்காக 2011இல் டெய்லி மிரருக்கு 50,000 பவுண்டு, சன்னுக்கு 18,000 பவுண்டு அபராதம். எட்டு பத்திரிகைகள் அவதூறுக்கு இழப்பீடும் கொடுத்தன.

இன்னும் பீட்டில் இருப்பவன்:

நான் இன்னும் குற்றச் செய்தி சேகரிக்கிற நிருபர். வக்கீல் சார் சொன்னதெல்லாம் சரி. ஆனால் பேரே போடக் கூடாது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ராத்திரி கூட்டிப்போன மகன் எந்த ஸ்டேஷனில் இருக்கிறான் என்று தெரியாமல் ஒரு அம்மா என்னிடம் வந்தார். “பேரைப் போடுங்க தம்பி, அப்பத்தான் கை வைக்க யோசிப்பாங்க” என்றார். போட்டேன். ‘விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்’ என்று மட்டும். மறுநாள் கோர்ட்டுக்கு ரிமாண்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெடிகுண்டுப் பையைக் கண்டுபிடித்து, ஆட்களை விலக்கியவர் பாதுகாவலர் ரிச்சர்ட் ஜுவல். மூன்றே நாளில், அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ அவரையே சந்தேகிக்கிறது என்று செய்தி. கைது இல்லை, வழக்கு இல்லை, கசிந்த தகவல்தான். விசாரணையின் இலக்கு அவர் இல்லை என்று அரசு கடிதம் கொடுக்க 88 நாள் ஆனது. குண்டு வைத்தவன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது 2005இல். இத்தனைக்கும் அந்தச் செய்தி பொய் இல்லை. எஃப்பிஐ சந்தேகப்பட்டது நிஜம்தான். நானும் இப்படி எத்தனை ‘நிஜம்’ எழுதியிருக்கிறேனோ.

இப்போதெல்லாம் ‘கூறப்படுகிறது’ என்று எழுதுவதில்லை. யார் கூறினார் என்று போடுவேன். குடும்பத்துக்கோ வக்கீலுக்கோ ஒரு போன், எடுக்காவிட்டால் எடுக்கவில்லை என்று ஒரு வரி. கைதுச் செய்தி எழுதினால் குற்ற எண்ணை (எஃப்ஐஆர் எண்) டைரியில் குறித்துவைத்து, ஆறு மாசத்துக்கு ஒருமுறை கோர்ட்டில் விசாரிப்பேன். பாதி வழக்குகளில் குற்றப்பத்திரிகையே தாக்கலாகியிருக்காது. போன வாரம் ஒன்றில் விடுதலை. அரைப் பத்தி எழுதிக் கொடுத்தேன், நேற்று வந்தது.

பழைய டெஸ்க்காரன்:

தலைப்பு என்ன தம்பி?

இன்னும் பீட்டில் இருப்பவன்:

‘கொலையாளி விடுதலை’. டெஸ்க் வைத்தது, அண்ணே.