ரத்த வகை மாடல் செய்ய மணி எங்கே வாங்கலாம்?

வணக்கம். கொளத்தூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். நம் ரத்த வகையைத் தீர்மானிப்பது சிவப்பணு மேல் இருக்கும் குட்டிச் சர்க்கரைச் சங்கிலிதான். ஃபியூக்கோஸ் என்ற சர்க்கரை சேர்ந்த அடிப்படைச் சங்கிலி மட்டும் இருந்தால் ஓ. அதில் ஒரு கேலக்டோஸ் கூடினால் பி. அசிட்டைல் கேலக்டோசமைன் கூடினால் ஏ. அந்த ஃபியூக்கோஸே இல்லாவிட்டால்? 1952-இல் மும்பையில் கண்டறியப்பட்ட பாம்பே வகை. அவர்களுக்கு ஓ ரத்தம்கூட ஏற்றக் கூடாது! இதைப் பிள்ளைகள் கையால் கோத்துப் பார்க்கணும் என்று ரொம்ப ஆசை.

நான்கு நிறத்தில் பெரிய பிளாஸ்டிக் மணிகள், 30 பேருக்கு வேண்டும். பாரிமுனையில் எந்தத் தெருவில் மொத்த விலைக்குக் கிடைக்கும்? சனிக்கிழமை வகுப்பு. அப்புறம், ரத்த வங்கியில் வேலை பார்ப்பவர்கள் யாராவது பிள்ளைகளோடு அரை மணி நேரம் பேச வர முடியுமா?